வெல்டிங் பழகின பொடியனுக்கு வன்னியில் வேலை எங்கே இருக்கிறது

போன கிழமை ஒரு பொடியன் பட்டறைக்கு வந்தான். கையில் ஒரு கோப்பு, அதற்குள் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமையின் 3ஆம் தரச் சான்றிதழ், பிளாஸ்டிக் உறை போட்டுக் கவனமாக வைத்திருந்தான். நான் அந்த நேரம் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற ஒரு பெட்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணை, வேலை ஏதும் இருக்கோ?" என்று குனிந்து கேட்டான். வெளியே வந்து, அவனுக்கும் எனக்கும் பிளேன்ரீ எடுப்பித்து, ஒரு அரை மணித்தியாலம் கதைத்தோம். அவன் போன பிறகுதான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று யோசித்தேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன், அவனைப் போல வேறு பொடியளுக்கும் உதவும்.

நான் இந்த வேலைக்கு வந்தது 2011இல். மீள்குடியேறி இரண்டு வருசம்கூட ஆகவில்லை, பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டில் ஒரு வேப்பமரத்துக்குக் கீழே நாலு தகரம் போட்ட பட்டறை. எனக்குத் தொழில் காட்டித் தந்த பாஸ் சண்டைக் காலத்திலும் இதே வேலைதான் செய்தவர். அந்த நாளில் வன்னிக்கு மின்சார லைன் இல்லை, பொருளாதாரத் தடையில் இரும்பும் எரிபொருளும் இலேசில் உள்ளே வராது, ஜெனரேற்றரை ஓட்டித்தான் ஒட்ட வேண்டும். ஒரு வெல்டிங் ரொட்டை, உருகி ஒட்டுகிற அந்தக் கம்பியை, அடிக்கட்டை வரைக்கும் எரித்துத்தான் எறிவார். நான் பாதியில் எறிந்த ரொட்டுகளைப் பொறுக்கி வந்து திரும்ப என் கையில் தந்த ஆள்.

சேர்ந்து ஏழெட்டு மாதத்தில் எனக்குக் கை பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். கோடு நேராக வரும், மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அழகாகப் படியும். அப்போதுதான் ஒரு நெல்லுக்காரர் பெட்டியைக் கொண்டுவந்தார், இயந்திரத்தோடு கொழுவுகிற முன்பக்கம் வெடித்திருந்தது. பாஸ் இல்லாத நேரம். நானே ஒட்டி, கறுப்புப் பெயின்ற் அடித்து அனுப்பினேன். பார்க்க அவ்வளவு வடிவு. நாலாம் நாள் 30 மூடை நெல்லோடு அது வாய்க்கால் கட்டில் ஏறும்போது அதே இடத்தில் கழன்றது. பெட்டி பின்னுக்குப் போய் வாய்க்காலில் சரிந்தது. பின்னால் சைக்கிளில் வந்தவர் பாய்ந்து விலகியதால் தப்பினார். பாஸ் என்னை ஏசவில்லை. உடைந்த துண்டைக் கொண்டுவந்து, கிரைண்டரைத் தந்து, "தம்பி, நீ ஒட்டினதை நீயே வெட்டிப் பார்" என்றார்.

வெட்டினேன். மேலே பளபளவென்று ஒரு தோல், அதற்குக் கீழே கரிய கசடு, நாங்கள் சிலாக் என்று சொல்வது, கோடு முழுக்க அடைபட்டுக் கிடந்தது. தடித்த இரும்பு அது, பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர் வரும். நான் துருவையும் பழைய பெயின்றையும் கழற்றவில்லை, விளிம்பைச் சரித்து வெட்டி வாய் எடுக்கவில்லை, அம்பியரையும், அதாவது கரண்டின் அளவையும், குறைத்துப் பிடித்திருக்கிறேன். உருகின இரும்பு இரண்டு துண்டுக்கும் நடுவே இறங்கவேயில்லை, மேலே சும்மா ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. பிறகு அவரே காட்டினார்: கிரைண்டரால் இரண்டு விளிம்பையும் சரித்து வி மாதிரி வாய் எடுத்து, 2.5 மில்லிமீற்றர் ரொட்டால் அடியில் ஒரு கோடு, சிலாக்கைக் கொத்திப் பிரஷ் போட்டு இரும்பின் வெள்ளை நிறம் தெரிந்த பிறகு 3.2 ரொட்டை 110, 120 அம்பியரில் வைத்து நிரப்புவது, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் திரும்பவும் கொத்துவது. ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. நான் அதே வேலையை இருபது நிமிசத்தில் முடித்திருந்தேன். அந்தப் பெட்டி இன்றைக்கும் ஓடுகிறது.

வேலை தேடுகிறவனுக்கு இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வன்னியில் வேலை தருகிறவன் முதலில் கேட்பது "இவன் ஒட்டினது நிக்குமோ?" என்றுதான். ஓர் ஊரில் ஒரு கலப்பை உங்கள் ஒட்டோடு ஒரு போகம் தாங்கினால் அடுத்த போகத்துக்கு அந்த வாய்க்கால் முழுக்க உங்களிடம் வரும். அதே மாதிரி ஒன்று கழன்றால் அதுவும் அந்த வாய்க்கால் முழுக்கத் தெரிந்துவிடும்.

சரி, வேலை எங்கே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அது வயலோடுதான் போகிறது. ஆவணி, புரட்டாதியில் காலபோக உழவுக்கு ஆயத்தம், கலப்பைக் கால்கள், சேற்றுக்குப் போடுகிற இரும்புச் சில்லு, பெட்டி, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். மழை தொடங்கினால் பட்டறை படுத்துவிடும், கார்த்திகையில் சில நாள் ஒரு ரொட்கூட எரியாது. பிறகு தை தொடக்கம் பங்குனி வரைக்கும் அறுவடை, அப்போது பட்டறையில் குந்தியிருக்கிறவனுக்கு வேலை இல்லை, வயலுக்குப் போகிறவனுக்குத்தான் வேலை. அறுவடை மெசின் இரவு 11 மணிக்கு வயல் நடுவில் உடையும், மழை இருட்டிக்கொண்டு நிற்கும், நெல்லுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பார். சின்ன இன்வேர்ட்டர் வெல்டிங் மெசினும் ஒரு ஜெனரேற்றரும் லான்ட்மாஸ்டரில், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில், ஏற்றிக்கொண்டு போகிறவனை அந்த மனிதர் சாகும்வரை மறக்க மாட்டார். நெல் விற்ற காசு கையில் இருக்கிற காலத்தில், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வரைக்கும், கேற், யன்னல் கிறில், தண்ணீர்த் தாங்கி வைக்கிற ஸ்ராண்ட், மாட்டுக் கொட்டகைக் கூரை என்று வீட்டு வேலைகள் வரும்.

இந்திய வீட்டுத்திட்டம் நடந்த காலத்தில், ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்தார்களே, அப்போது கிறில் அடித்தே வாழ்ந்த பட்டறைகள் உண்டு. அந்த அலை ஓய்ந்துவிட்டது. கிறில் மட்டும் அடிக்கத் தெரிந்தவர்கள் அதோடு கஷ்டப்பட்டதைப் பார்த்தேன். கிறிலுக்குப் பாவிக்கிற பொக்ஸ் பார், அதாவது மெல்லிய சதுரக் குழாய், அந்த வேலை வேறு, கலப்பை வேலை வேறு. 1.2 மில்லிமீற்றர் பொக்ஸ் பாரில் கொஞ்சம் கை நின்றால் ஓட்டை விழும், விட்டு விட்டுப் புள்ளி வைக்க வேண்டும். கலப்பையில் அப்படி வைத்தால் முதல் சாலிலேயே கழன்றுவிடும். இரண்டும் பழகுங்கள்.

விலை சொல்வதில் நான் அடிபட்டிருக்கிறேன். 2022 தொடக்கத்தில் ஒரு பெரிய கேற்றுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை பேசி முற்பணம் வாங்கினேன், இரும்பு வாங்கவில்லை, பிறகு வாங்கலாம் என்று விட்டுவிட்டேன். மார்ச்சில் ரூபாயின் பெறுமதி விழுந்தது. இரும்புக் கடைக்குப் போனால் பேசின மொத்தக் காசும் இரும்புக்கே காணாது. அந்த மாதக் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வேறு. சொன்ன விலைக்கே செய்து கொடுத்தேன், மனைவியின் காப்பு அடைவுக்குப் போனது. அன்றிலிருந்து இரும்பை வீட்டுக்காரரே வாங்கித் தர வேண்டும், அல்லது முற்பணம் வாங்கின அன்றே நான் இரும்பை இறக்கிவிடுவேன். ரொட், கட்டிங் டிஸ்க், கரண்ட் பில், ஏற்றி இறக்குகிற கூலி, இவற்றைக் கணக்கில் எழுதாமல் விலை சொல்லாதீர்கள்.

கரண்ட் என்றதும் ஒன்று. எங்கள் ஒழுங்கைகள் எல்லாம் லைனின் கடைசியில் இருக்கின்றன. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு எல்லா வீட்டிலும் லைற்றும் மோட்டரும் போட, 230 இருக்க வேண்டிய வோல்ற்றேஜ் இறங்கிவிடும், ரொட் இரும்பில் பிடித்துக்கொள்ளும், ரொட் நுனியில் எரிகிற ஆர்க் நிற்காது. பழகுகிற பொடியன் தன் கைதான் பிழை என்று நினைத்துத் தன்னையே நோவான். பொறுப்பான ஒட்டுகளை விடியப்புறம் வையுங்கள்.

வெளிநாடு போக நினைக்கிறவர்களுக்கு. நானும் போய் வந்தவன், கட்டாரில் இரண்டு வருசம். முதல் தரம் கொழும்பில் கைவேலைச் சோதனையில் தோற்றேன். ஐந்து வருச அனுபவத்தோடு போய்த் தோற்றேன். காரணம், நான் வாழ்க்கையில் எரித்தது எல்லாம் 6013 என்கிற சாதாரண ரொட், சோதனைக்குத் தந்தது 7018 என்கிற வேறு வகை ரொட். அது வேறு விதமாக ஓடும், ஆர்க்கை மிகக் கிட்டப் பிடிக்க வேண்டும், ஈரம் பட்டால் ரொட் காயவைக்கிற மின் அடுப்பில் சூடாக்கித்தான் பாவிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்து பிறகு ஒட்டில் விரிசல் விழும். குழாய் வேலைக்கு 6ஜி என்று கேட்பார்கள், குழாயை 45 பாகை சரிவில் அசையாமல் கட்டி வைத்துவிடுவார்கள், நீங்கள்தான் சுற்றி வர வேண்டும். முடிந்ததும் அதிலிருந்து கீலம் வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள், அல்லது எக்ஸ்ரே எடுப்பார்கள். பாஸ் அன்றைக்கு என்னை வெட்டிப் பார்க்கச் சொன்னது எனக்கு அங்கேதான் ஞாபகம் வந்தது. மூன்று மாதம் 7018 வாங்கிப் பழகி இரண்டாம் தரம் பாஸாகினேன்.

முதல் தரம் ஒரு முகவரிடம் கட்டின காசு திரும்பி வரவேயில்லை. ஆகவே சொல்கிறேன்: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று பார்த்து, ரசீது வாங்கி, பணியகத்தில் பதிந்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். ஒப்பந்தத்தில் வெல்டர் என்று இருக்கிறதா, உதவியாள் என்று இருக்கிறதா என்று ஆறுதலாக வாசியுங்கள். என்னோடு வந்த ஒருவருக்கு உதவியாள் என்று போட்டிருந்தது, இரண்டு வருசமும் வெல்டிங் அடித்து உதவியாள் சம்பளமே எடுத்தார்.

சான்றிதழ் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் பாஸ்மாருக்குக் கடதாசி இல்லாததால் கைவிட்டுப்போன வேலைகள் எனக்குத் தெரியும். பல வருசம் வேலை செய்தும் கடதாசி இல்லாதவர்களுக்கு, இருக்கிற அனுபவத்தைப் பரீட்சித்தே என்.வி.கியூ. தருகிற வழி இருக்கிறது, நைற்றா என்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் கேட்டால் சொல்வார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களையும், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தையும் நேரே போய் விசாரியுங்கள், எந்தப் பாடநெறிக்கு எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று.

இனிச் சொல்வதை மறக்கவே கூடாது. பழைய இரும்பு என்று யாராவது என்ன கொண்டுவந்தாலும் உடனே டிஸ்க்கை வைக்காதீர்கள். எங்கள் மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். காடு வெட்டும்போது எடுத்த குழாய், துருப்பிடித்த உருளை, ஒரு பக்கம் மூடின எதுவாக இருந்தாலும் தொடாமல், ஆட்களை விலத்திவிட்டுப் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ சொல்லுங்கள். ஒயில் இருந்த வெறும் பரலும், அதாவது பீப்பாயும், அப்படித்தான், உள்ளே நிற்கிற ஆவி போதும் வெடிக்க. ஜீ.ஐ. என்கிற நாகம் பூசின குழாயை ஒட்டும்போது வருகிற வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவு குலைப்பன் காய்ச்சல் மாதிரி நடுங்கும், பால் குடித்தால் சரி என்பார்கள், பால் ஒன்றும் செய்யாது, நாகப் பூச்சை அரைத்துக் கழற்றிவிட்டு, காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி இருந்து ஒட்டுங்கள். கறுப்புக் கூலிங் கிளாஸோடு ஒட்டுகிற பொடியளைக் கண்டால் எனக்குப் பதறும். அப்போது ஒன்றும் தெரியாது, நடுச்சாமத்தில் கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரி இருக்கும். 10, 11 நம்பர் கண்ணாடி போட்ட முகமூடி ஒன்று வாங்குங்கள், முதல் சம்பளத்தில்.

அந்தப் பொடியனைத் திரும்பக் கூப்பிட்டேன். முந்தநாள் வந்தான். இரண்டு தடித்த தகட்டுத் துண்டும் ரொட்டும் கொடுத்து ஒட்டச் சொன்னேன், முடிந்ததும் கிரைண்டரைக் கையில் கொடுத்தேன். வெட்டிப் பார்த்தான், நடுவில் ஒரு விரற்கடை அளவுக்குக் கசடு இருந்தது. ஒன்றும் பேசாமல் இன்னும் இரண்டு துண்டு கேட்டான். பின்னேரம் வரைக்கும் ஒட்டி ஒட்டி வெட்டினான். நாளைக்குத் தருமபுரத்திலிருந்து ஒரு பெட்டி வருகிறது, அதே முன்பக்கம்தான் உடைந்திருக்கிறதாம். காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன், அந்த நேரம்தான் கரண்ட் நல்லாய் இருக்கும்.