ஸ்காபரோவில் வீட்டுக்கல்வி: புதிதாக வந்த பெற்றோருக்கு

பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறோம் என்று சொன்னதும், "பொலிஸ் வராதா, சிறுவர் பாதுகாப்புக்காரர் வரமாட்டார்களா?" என்று என்னிடம் கேட்காத தமிழ்த் தாய்மார் குறைவு. ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளை என்றால் கைவிடப்பட்ட பிள்ளை என்றே பொருள்படும் என்பதால் அந்தப் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் ஸ்காபரோ இருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிலைமை வேறு. இங்குள்ள கல்விச் சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை பள்ளிக்குச் செல்வதைக் கட்டாயமாக்குகிறது. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, வீட்டிலோ வேறிடத்திலோ திருப்தியான கல்வியைப் பெறும் பிள்ளைக்கு அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. 2002ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு வெளியிட்ட 131ஆம் இலக்கக் கொள்கைக் குறிப்பு, இந்த விலக்கை எப்படிப் பெறுவது என்பதை விளக்குகிறது: ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 1ஆம் தேதிக்கு முன்னர், பிள்ளைகளின் பெயர், பால், பிறந்த தேதி, வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி, இவர்களுக்கு வீட்டில் கற்பிக்கிறோம் என்று உங்கள் பகுதியின் கல்விச் சபைக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை அனுப்ப வேண்டும். ஐயப்படுவதற்குத் தக்க காரணம் இருந்தாலன்றி, அந்தக் கடிதத்தையே போதிய சான்றாகச் சபை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் குறிப்பின் சாரம். அப்படியொரு காரணம் இல்லாதவரை பாடத்திட்டத்தையோ கால அட்டவணையையோ பெற்றோரின் பட்டத்தையோ யாரும் கேட்பதில்லை.

கடிதம் கிடைத்ததைச் சபை எழுத்தில் உறுதிப்படுத்தும். அந்தப் பதிலைக் கோப்பில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான அரச கொடுப்பனவு தொடர்பாக, பிள்ளை உங்களுடன்தான் வசிக்கிறது என்பதற்குச் சான்று கேட்கப்பட்டால், மற்றவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுப்பார்கள். நமக்கு அந்த வழி இல்லை. சபையின் பதிலும் குடும்ப மருத்துவரின் கடிதமும் ஒன்றாக இருந்தால் அலைச்சல் குறையும்.

சட்டம் இவ்வளவு எளிது என்பதற்காக, நேற்று விமானத்தில் வந்திறங்கிய குடும்பம் இன்றே வீட்டுக்கல்வியைத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தில்தான் புதிதாக வந்த பிள்ளைக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி வகுப்பு கிடைக்கும். பல பள்ளிகளில் குடியேற்ற உதவிப் பணியாளர் இருப்பார். சுகாதார அட்டை முதல் வாடகைப் பிரச்சினை வரை பெற்றோரும் அவரிடம் கேட்டறியலாம். பள்ளியை விட்டு விலகினால் இவையும் கைவிட்டுப் போகும். மாகாணம் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்குப் பணம் எதுவும் தருவதில்லை. ஒருவருடைய சம்பளத்தில் வீடு ஓட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் எடுத்தாக வேண்டும்.

நாங்கள் 2021இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோம். மூத்தவனுக்கு அப்போது எட்டு வயது. ஆசிரியர்கள் அன்பானவர்கள்தான், ஆனால் வாடகை வீடு மாறும்போதெல்லாம் பள்ளிக்கூடமும் மாறியது. ஓரிடத்தில் வாய் திறந்து நாலு சொல் பேசத் தொடங்கும் நேரத்தில் அடுத்த இடத்தில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்ததால், பிள்ளை வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். வீடு ஓரிடத்தில் நிலைக்கும்வரை படிப்பாவது மாறாமல் இருக்கட்டும் என்று 2022 செப்டெம்பரில் முதற்கடிதத்தை அனுப்பினோம். வீடு நிலைத்த பிறகும் நாங்கள் இதைத் தொடர்வதற்குக் காரணம், அதற்குள் மகனுக்கும் அவன் தங்கைக்கும் இந்த முறை பொருந்தி வந்துவிட்டதுதான்.

பாடப் புத்தகங்களைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டியது வீட்டில் இருப்பவர்களின் நேரத்தை. நாங்கள் இருப்பது இரண்டு அறைகள் கொண்ட பேஸ்மென்ட் வீடு. கணவர் களஞ்சியசாலை ஒன்றில் இரவு வேலை முடித்து, காலை ஏழரைக்கு வந்து படுப்பார். மற்ற வீடுகளில் பாடம் நடக்கும் காலை நேரத்தில் எங்கள் வீட்டில் சத்தம் போட முடியாது. ஆகவே எங்கள் நாள் வெளியே தொடங்குகிறது: எட்டரைக்கெல்லாம் பிள்ளைகள் உடுத்துக்கொண்டு, பருவத்துக்கு ஏற்றபடி பூங்காவுக்கோ நூலகத்துக்கோ வெளிக்கிட்டுவிடுவோம். வாய்விட்டு வாசிப்பதும் பெருக்கல் வாய்பாடு சொல்வதும் பிற்பகலில், அவர் எழுந்து சாப்பிட்ட பிறகு. டிசம்பரில் மாலை நாலே முக்காலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் ஊரில், பகல் வெளிச்சத்தை வெளியே செலவிட்டு எழுத்து வேலையை இருட்டிய பின் வைத்துக்கொள்வது, கணவரின் தூக்கத்துக்காகச் செய்த ஏற்பாடாக இருந்தாலும், பிள்ளைகளின் உடம்புக்கும் மனதுக்கும் நல்லதாகவே அமைந்தது. உங்கள் வீட்டு வேலை நேரம் வேறாக இருக்கும். பள்ளிக்கூடத்து ஒன்பது மணி முதல் மூன்றரை வரையான அட்டவணையை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர முயலாதீர்கள்; ஒருவர் இருவருக்குக் கற்பிக்கும் இடத்தில் அவ்வளவு மணிநேரம் தேவைப்படுவதுமில்லை.

அடுத்தது பெரியவர்கள். பிள்ளைகளுடன் நீண்டகாலம் தங்கப் பெற்றோருக்குக் கனடா கொடுக்கும் சுப்பர் விசாவில் வந்து எங்களுடன் இருக்கும் மாமி, வடமராட்சியில் நீண்டகாலம் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். "பள்ளிக்கூடத்துக்கு விடாமல் பிள்ளையளை வீட்டுக்குள்ள வைச்சிருந்தால் சனம் என்ன கதைக்கும்?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தியே வாழ்ந்தவரிடம், பரீட்சையும் வகுப்பும் இல்லாத படிப்பைப் பற்றி வாதம் செய்து பயனில்லை. அதனால் தமிழ்ப் பாடத்தை முழுதாக அவரிடமே கொடுத்தோம். நாள்தோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் முக்கால் மணிநேரம் அவருடைய வகுப்பு. ஒரு பக்கம் உறுப்பெழுத்து, ஒரு பந்தி சொல்வதெழுதுதல், பிறகு ஊரிலுள்ள உறவினருக்கு ஒரு கடிதம். ணகர, நகர, னகரப் பிழைக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அந்தச் சொல்லைப் பத்துத் தரம் எழுத வைப்பார். நான் அதில் தலையிடுவதில்லை. வீட்டுக்கல்வியை எதிர்க்கும் தாத்தாவோ அம்மம்மாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த ஒரு பாடத்தின் பொறுப்பை மனப்பூர்வமாக அவர்களிடமே ஒப்படையுங்கள். அவர்களுடைய பகலுக்கும் இந்த நாட்டில் ஒரு வேலை வேண்டியிருக்கிறது.

கணிதத்துக்கு நான் அதிகம் நம்புவது பலசரக்குக் கடைகளின் கிழமை விளம்பரத்தாள்களை. இந்த நாட்டில் அளவைகள் மெட்ரிக் முறைக்கு மாறிப் பல காலம் ஆகியும், இறைச்சிக்கும் பழத்துக்கும் இறாத்தல் விலையைப் பெரிதாகவும் கிலோ விலையைக் கீழே சிறிதாகவும் அச்சிடுகிறார்கள். கோழிக்கால் இறாத்தல் 2.99 டொலர், கீழே கிலோ 6.59 என்று இருக்கும். மகன் ஒரு நாள் இரண்டு தாள்களை மேசையில் விரித்து, கிலோ விலையை இறாத்தல் விலையால் வகுத்துப் பார்த்து, எல்லாப் பொருளுக்கும் ஏறக்குறைய 2.2 வருகிறதே என்று தானாகக் கண்டுபிடித்தான். பிறகு, ஒரு கடை தோடம்பழத்தை மூன்று இறாத்தல் பையாகவும் இன்னொரு கடை இரண்டு கிலோ பையாகவும் விற்கும்போது எது மலிவு என்று கேட்டு, தங்கையையும் அதில் இழுத்துக்கொண்டான். விகிதமும் தசமமும் அப்படித்தான் அவனுக்குப் பழகின. எனக்கும் கடைக்குப் போகும்போது இறாத்தல் விலையைப் பார்த்து ஏமாறாத பழக்கம் வந்தது. இருந்தாலும் விளம்பரத்தாளை மட்டும் நம்பிப் பாடத்தை முடித்துவிட முடியாது. மாகாணத்தின் பாடத்திட்டம் முழுவதும் இணையத்தில் எல்லோரும் பார்க்கக் கிடைக்கிறது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்தந்த வகுப்புக்குரிய பகுதியை வாசித்து, விடுபட்டவற்றைக் குறித்துக்கொள்கிறேன்.

மகளுக்கு ஆங்கில வாசிப்பைத் தொடங்கியபோது அந்தப் பாடத்திட்டம் பெரிதும் உதவியது. ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2022 பெப்ரவரியில் வெளியிட்ட வாசிப்புரிமை அறிக்கை, படத்தையும் சூழலையும் பார்த்துச் சொல்லை ஊகிக்கப் பழக்கும் முறையைக் குறை கூறி, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பின்னர் 2023இல் வந்த புதிய மொழிப் பாடத்திட்டமும் அந்த வழியில் அமைந்தது. அரிச்சுவடியில் ஒலியைச் சொல்லிச் சொல்லி எழுத்துக்கூட்டிப் படித்த நம் தலைமுறைக்கு இது பழகிய வழிதான். என் ஆங்கில உச்சரிப்பு இந்த ஊர்க்காரர்களுடையது போல் இல்லையே என்ற தயக்கம் உள்ள தாய்மாருக்குச் சொல்கிறேன்: நூலகத்தின் ஒலிநூலைப் போட்டு, அச்சு நூலில் விரல் வைத்துப் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து தொடருங்கள்; இருவருக்கும் காது பழகும்.

நூலகம் இல்லாமல் நாங்கள் இதைச் செய்திருக்கவே முடியாது. ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நகரெங்கும் 100 கிளைகள் இருக்கின்றன. நகரவாசிகளுக்கு அட்டை இலவசம். 2022இல் தாமதக் கட்டணத்தையும் முற்றாக நீக்கிவிட்டார்கள். ஸ்காபரோவின் பல கிளைகளில் தமிழ் நூல்களும் உண்டு. அருங்காட்சியகங்களுக்குக் குடும்பமாக இலவசமாகச் சென்றுவரும் அனுமதிச் சீட்டையும் அதே அட்டையில் பெறலாம். 2023 ஒக்டோபர் இறுதியில் நூலகத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அந்தப் பனிக்காலம் முழுவதும் பட்டியலில் தேடவோ நூல்களை ஒதுக்கி வைக்கவோ முடியாமல் இருந்தது. திரும்பி வந்த நூல்களைப் பதிய வழியில்லாமல் பெரிய லொறிப் பெட்டிகளில் ஏற்றி வைத்தார்கள். ஆனால் கிளைகளை மூடவில்லை; பணியாளர்கள் நூல்களைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தேடிப் பார்க்க முடியாததால் பிள்ளைகள் அடுக்கு அடுக்காக நடந்து கையில் பட்டதை எடுத்தார்கள். மகன் வானியலிலிருந்து பாலங்கள் கட்டும் முறைக்குப் போனது அந்தப் பனிக்காலத்தில்தான். மறுபக்கம், 1969இல் திறக்கப்பட்ட ஒன்ராறியோ அறிவியல் மையத்தின் கட்டடத்தை 2024 ஜூனில் திடீரென மூடிவிட்டது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய இழப்பு.

மற்றப் பிள்ளைகளுடன் பழகாமல் போய்விடுவார்களே என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, நகரசபையின் நீச்சல் வகுப்பு, ரூஜ் தேசிய நகரப் பூங்காவில் மற்றக் குடும்பங்களுடன் நடை என்று கிழமைக்குப் போதிய கூட்டம் கிடைக்கிறது. நீச்சலுக்கு மட்டும் ஒரு குறிப்பு: பதிவு தொடங்கும் நாளில் காலை ஏழு மணிக்கே கணினி முன்னால் இருங்கள், இடங்கள் வெகுவிரைவில் முடிந்துவிடும். வருமானம் குறைந்த குடும்பங்கள் நகரசபையின் உதவித்தொகைக்கு முன்னதாகவே விண்ணப்பித்து வைக்க வேண்டும்.

பெரிதாக யோசிக்க வேண்டிய இடம் ஒன்பதாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு வரை பிள்ளையை எப்போது வேண்டுமானாலும் பள்ளியில் சேர்க்கலாம். வயதுக்குரிய வகுப்பில் அமர்த்துவார்கள். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கோ 30 கிரெடிட்டுகளும் (படித்துத் தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகள்) 40 மணிநேரச் சமூக சேவையும் எழுத்தறிவுத் தேவையும் வேண்டும், வீட்டில் படித்த பாடத்துக்குத் தானாகக் கிரெடிட் கிடைக்காது. மாகாணத்தின் கல்வி ஒளிபரப்பு நிறுவனமான டிவிஓ நடத்தும் சுயகற்றல் மையத்தின் வழியாக வீட்டிலிருந்தே கிரெடிட் பாடங்களைப் படிக்கலாம். சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பிக்கும் வீட்டுக்கல்வி மாணவர்களுக்கெனத் தனி விதிகள் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உள்ளன, ஆனால் அவை ஒன்றுக்கொன்று வேறுபடும். மகன் இப்போது ஏழாம் வகுப்புப் பருவத்தில் இருக்கிறான். பாலம் கட்டும் பொறியியல்தான் வேண்டும் என்கிறான். அதற்கு உயர்நிலைக் கணிதமும் பௌதிகமும் வேதியியலும் கிரெடிட்டாகத் தேவைப்படும் என்பதால், அடுத்த ஆண்டு பள்ளிகளின் அறிமுக மாலைகளுக்கு அவனையும் அழைத்துச் சென்று, ஒன்பதாம் வகுப்பில் பள்ளியா, சுயகற்றல் மையமா என்பதை மூவருமாக உட்கார்ந்து தீர்மானிக்க இருக்கிறோம்.