ஊட்டியில் 109 டிகிரி: மார்ஷ்மெல்லோ ஃபிளஃப் நாலு தடவை

பாஸ்டன் பக்கம் இருக்கிற தம்பி போன லீவுக்கு வந்தபோது ஒரு பாட்டில் மார்ஷ்மெல்லோ ஃபிளஃப் கொண்டு வந்தான். வெண்ணெய் மாதிரி ரொட்டியில் தடவுகிற பண்டம். பார்க்க ஷேவிங் கிரீம், வாயில் வைத்தால் பஞ்சு மிட்டாய் கரைவது மாதிரி. ஒரு பக்கம் வேர்க்கடலை வெண்ணெய், இன்னொரு பக்கம் இது, இரண்டையும் சேர்த்து மூடினால் ஃபிளஃபர்நட்டர். அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூட டப்பாவில் கொண்டு போவார்களாம். எங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் நாலு நாள்கூடத் தாங்கவில்லை. மகள் அடியில் விரல் விட்டு வழித்துக்கொண்டிருந்தபோது லேபிளை வாங்கிப் படித்தேன். கார்ன் சிரப், சர்க்கரைப் பாகு, காய்ந்த முட்டை வெள்ளை, வெனிலின். அவ்வளவுதான்! ஜெலட்டின்கூட இல்லை. பாஸ்டனை ஒட்டிய சாமர்வில்லில் ஆர்ச்சிபால்ட் குவெரி என்பவர் 1917 வாக்கில் வீட்டிலேயே கிளறி, வீடு வீடாகப் போய் விற்ற சமாச்சாரம் இது. பிறகு 500 டாலருக்குச் செய்முறையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டார். அவர் அடுப்படியில் வந்தது என் அடுப்படியில் வராதா என்று இறங்கிவிட்டேன்.

அளவு: முட்டை வெள்ளை 3, சர்க்கரை 150 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 200 கிராம், தண்ணீர் 100 மில்லி, எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். கார்ன் சிரப்புக்குப் பதிலாகத்தான் லிக்விட் குளுக்கோஸ், கேக் சாமான் விற்கிற கடைகளில் டப்பாவாகக் கிடைக்கும். அதை எடுக்கும்போது கையை நனைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் டப்பாவிலிருந்து பாத்திரம், பாத்திரத்திலிருந்து கை, கையிலிருந்து கதவுக் கைப்பிடி என்று வீடு முழுக்க இழுத்துக்கொண்டே போகும். சர்க்கரை மறுபடி பூத்துப்போய் மணல் மணலாக ஆகாமல் காப்பது இந்தக் குளுக்கோஸ்தான், அதனால் விடவும் முடியாது.

முதல் தடவை பாகு வரைக்கும் போகவே இல்லை. பிளாஸ்டிக் பேசினில் முட்டை வெள்ளையை விட்டு பீட்டரைப் போட்டேன். பத்து நிமிடம் ஓடியும் நுரை நிற்கவில்லை, சோப்புத் தண்ணீர் மாதிரி சலசலத்துக்கொண்டே இருந்தது. மஞ்சள் கரு ஒரு பொட்டு உள்ளே விழுந்திருந்தது, அது ஒன்று. பிளாஸ்டிக் பேசின் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கை விடாது, அது இரண்டு. கொழுப்பு கொஞ்சம் பட்டாலும் வெள்ளைக்கரு நுரை கட்டாது. அன்றைக்கு ராத்திரி அத்தையைத் தவிர எல்லோருக்கும் வெள்ளை ஆம்லெட்.

இரண்டாம் தடவை எவர்சில்வர் பாத்திரம், எலுமிச்சைத் தோலால் துடைத்து வைத்தது. முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் உடைத்து (சில்லென்று இருந்தால் கரு பிரிப்பது சுலபம்), வெள்ளையை மட்டும் அரை மணி நேரம் வெளியே வைத்தேன். எலுமிச்சைச் சாறு விட்டு அடித்ததும் நுரை ஜம்மென்று எழும்பி, பீட்டரைத் தூக்கினால் நுனி லேசாக மடங்குகிற பதத்துக்கு வந்தது. இன்னொரு அடுப்பில் சர்க்கரை, குளுக்கோஸ், தண்ணீர், உப்பு. பாகு 116 டிகிரி வரவேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. அதற்கென்றே ஆன்லைனில் வாங்கிய தெர்மாமீட்டர் 116 காட்டியதும் இறக்கி, பீட்டர் ஓட ஓட நூல் மாதிரி ஊற்றினேன்.

ஊற்றும்போதே சரியில்லை. பாகு பீட்டர் கம்பியில் பட்டுத் தெறித்து, பாத்திரத்தின் சுவரில் கண்ணாடி நூலாக ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டு மணிக்கட்டிலும். சர்க்கரைப் பாகு சுட்டால் கொதிதண்ணீர் சுட்ட மாதிரி இல்லை, ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து சுடும். முழுக்கை போட்டுக்கொண்டு செய்யுங்கள். மீதியை அடித்து முடித்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆறியதும் கதை மாறியது. ஸ்பூன் நட்டு வைத்த கம்பமாக நின்றது. ரொட்டியில் தடவப் போனால் ரொட்டி கிழிந்து ஸ்பூனோடு வந்தது.

அத்தை ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்றுகொண்டே, "ஏம்மா, இது கமர்கட் பாகுல்ல? நீ அதிரசப் பாகுல இறக்கிருக்கணும்" என்றார்.

எனக்கு தெர்மாமீட்டர் மேல் சந்தேகம். கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். தளதளவென்று கொதிக்கிறது, முள் 93-ஐத் தாண்டவே இல்லை. பிடிபட்டது திருடன்! ஏழு டிகிரி குறைத்துக் காட்டுகிறது. அப்படியென்றால் நான் 116 என்று நினைத்தது 123, பிறகு ஏன் கமர்கட் ஆகாது? பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிப் புகார் ஒன்றைக் கொஞ்சம் காரமாகவே போனில் அடித்து வைத்தேன். அதுவரைக்கும் வேலை நிற்கக் கூடாது என்று, 109-ல் இறக்குவது என முடிவு.

மூன்றாம் தடவை அப்படியே 109. கூடவே அத்தை சொன்னபடி ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கரையாமல் அடியில் உட்கார்ந்தது. விரலால் கூட்டினால் உருண்டது, வெளியே எடுத்ததும் நெகிழ்ந்து தட்டையானது. ஊற்றினேன், நுரை மங்கல் வெள்ளையிலிருந்து பளபளக்கிற வெள்ளையாக மாறிக்கொண்டே பாத்திரத்தின் விளிம்பு வரை ஏறி வந்தது. எட்டு நிமிடம் அடித்து, கடைசியில் வெனிலா. பீட்டரைத் தூக்கினால் ரிப்பனாக விழுந்து, விழுந்த மடிப்பு கொஞ்ச நேரம் கலையாமல் இருந்து மெல்ல அமிழ்ந்தது. தம்பி கொண்டுவந்த பாட்டிலில் இருந்தது இதுவேதான். என்னைக் கேட்டால் எலுமிச்சை வாசனையில் இது ஒரு படி மேல்.

அந்தச் சந்தோஷத்தில் புகாரை அனுப்பப் போனேன். பிளஸ் ஒன் படிக்கிற மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அனுப்பிடாதீங்க, மானம் போயிடும். ஊட்டியில தண்ணி நூறுல கொதிக்குமா?" என்றாள்.

கொதிக்காதுதான். ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, 93-லேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாது என்பது கல்யாணமாகி வந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாகப் பருப்புக்குத் தெரிந்தது பாகுக்குத் தெரியவில்லை. பாகின் சூடு என்பது அதில் இன்னும் எவ்வளவு தண்ணீர் பாக்கி இருக்கிறது என்பதற்கான கணக்குதான். கடல் மட்டத்தில் 116-ல் இருக்கிற அதே கெட்டிப் பாகு இங்கே 109-லேயே வந்துவிடும். தெர்மாமீட்டர் யோக்கியமாகத்தான் இருந்திருக்கிறது. நான் போட்ட கணக்கு தப்பு, விடை மட்டும் சரி. கிண்ணத்துத் தண்ணீர் எந்த ஊரிலும் ஏமாற்றாததற்கும் இதே காரணம்: அது சூட்டைப் பார்ப்பதில்லை, கெட்டியைப் பார்க்கிறது. புகாரை அழித்தாயிற்று.

நாலாவது அத்தைக்காக. முட்டை தொடமாட்டார் (இரண்டாம் தடவை தின்றதில் முட்டை உண்டு என்று யாரும் சொல்லவில்லை, இனியும் சொல்லப் போவதில்லை). கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் முட்டை வெள்ளை மாதிரியே நுரைக்கும் என்று 2014-ல் ஜோயல் ரோசல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டு சொன்னார், இப்போது அக்வாஃபாபா என்று பெயர். உப்பில்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்து, ஆறவைத்து அடித்தேன். பதினைந்து நிமிடம் ஆனது, கை கடுத்தது, ஆனால் எழும்பியது. அதே 109 பாகு. ராத்திரி வர்க்கி மேல் தடவிக் கொடுத்தேன். மொறுமொறு வர்க்கிக்கும் இதற்கும் அப்படி ஒரு பொருத்தம், அத்தை மூன்று தின்றார். காலையில் பார்த்தால் பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். முட்டையின் புரதம் சூடு பட்டதும் இறுகி நுரையைப் பிடித்துக்கொள்ளும், கடலைத் தண்ணீருக்கு அந்தப் பிடிமானம் இல்லை. செய்த அன்றே தின்பதென்றால் செய்யலாம்.

ஒரு சின்ன விஷயம். மார்ஷ்மெல்லோ என்பதே ஒரு செடியின் பெயர். அந்தக் காலத்தில் அதன் வேரின் வழவழப்பில்தான் மிட்டாய் செய்தார்கள். இன்றைக்கு வேரும் இல்லை, பெயர் மட்டும்தான். வெண்டைக்காய், செம்பருத்தி, துத்தி எல்லாம் அதே குடும்பம். துத்தி இலையில் ஏதாவது செய்து பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். கும்பிடு போட்டுவிட்டேன்.

பாத்திரம் கழுவப் பயப்பட வேண்டாம். எல்லாம் சர்க்கரை, வெந்நீர் ஊற்றினால் ஓடிப்போகும். முட்டை வைத்துச் செய்தது ஃபிரிட்ஜில் ஒரு வாரம் அசையாமல் இருந்தது, அதற்கு மேல் இருக்குமா என்று சோதிக்க எங்கள் வீட்டில் மிச்சம் வைப்பதில்லை. வருகிற சனிக்கிழமை கோயம்புத்தூரில் அம்மா வீட்டில் செய்வதாக ஏற்பாடு. அங்கே 114, 115-ல் இறக்க வேண்டும். துணிப்பையில் முதலில் வைத்தது தெர்மாமீட்டரைத்தான்.