ஃபெசன்ட் இறகில் ஒரு ஸ்ட்ரீமர்

சின்ன மீன் போலத் தெரியும்படி தூண்டில் முள்ளில் கட்டும் போலி இரைதான் ஸ்ட்ரீமர். அதைக் கட்ட எத்தனையோ செயற்கை இழைகள் வந்துவிட்டன. ஆனாலும் எனக்குச் சாயம் போடாத ஃபெசன்ட் (கோழி இனத்தைச் சேர்ந்த நீண்ட வால் பறவை) சேவல் இறகுதான் பிடிக்கும். அதிலும் வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகின் அடியில் இருக்கும் இறகு. வெளிச்சத்தில் திருப்பினால் பச்சை, தாமிரம், நீலச் சாம்பல் என்று மாறிக்கொண்டே இருக்கும், அவ்வளவு அழகு! தூண்டிலை இழுத்து நிறுத்தும்போதெல்லாம் அதன் ஓரங்கள் செவுள் போல மூடி விரியும். நியூசிலாந்தின் மிஸஸ் சிம்ப்சன் ஸ்ட்ரீமரில் இந்த இறகைத்தான் முள்ளின் இரு பக்கமும் அடுக்குவார்கள். ட்ரவுட் மீனின் கண்ணுக்கு அது ஒரு சின்ன மீன்.

அப்புறம், இறகின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு மாதிரியான குட்டி இறகைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்ட்ரீமரின் தலைக்குப் பின்னால் அதை மெதுவாகச் சுற்றினால் தண்ணீரில் நன்றாக அசையும். தண்டு ரொம்ப மெலிசு, நூலை இறுக்கினால் அறுந்துவிடும்.