புதிய பெட்டியும் பழைய கணினியும்

தம்பி விஷுவல் கம்யூனிகேஷன் முதலாம் ஆண்டு படிக்கிறான். வீடியோ எடிட்டிங்குக்கும் கேம் விளையாடவும் சேர்த்து ஒரே கணினியாக வாங்கித் தருகிறேன் என்று அவன் கல்லூரியில் சேர்ந்தபோதே சொல்லியிருந்தேன். சம்பளத்தில் மாதாமாதம் எடுத்து வைத்ததில் இந்தப் பொங்கலுக்குள் 45,000 ரூபாய் சேர்ந்தது. மானிட்டர் வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

பழைய பொருள் வேண்டவே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். என் எண்ணமும் அதுதான். மூன்று வருடம் யாரோ அடித்து ஓட்டியதை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

ஒரு சனிக்கிழமை, சென்னை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தோம். முதலில் நுழைந்த கடையிலேயே ஒரு பெட்டி கண்ணைப் பறித்தது. பக்கவாட்டில் முழுக் கண்ணாடி, உள்ளே நிறம் மாறும் நான்கு விசிறிகள். "ஐ5 பிராசசர், 16 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு வருட வாரண்டி. 24,000 ரூபாய்தான் மேடம்" என்றார் கடைக்காரர். மீதிப் பணத்தில் நல்ல மேசையும் நாற்காலியும் வாங்கிவிடலாம் என்று நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பி மட்டும், "எந்தத் தலைமுறை ஐ5, அண்ணா?" என்று கேட்டான். "கேமிங்குக்கு இது தாராளமாகப் போதும், தம்பி" என்பதுதான் கிடைத்த பதில். அவன் மவுஸை வாங்கி டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். ஐ5-3470 என்று இருந்தது. அது 2012இல் வந்த பிராசசர். திரையில் தெரியும் படத்தை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டு ஜி.டி. 730, அது 2014ஆம் ஆண்டுச் சரக்கு. கேபினெட் புதியது, விசிறிகள் புதியவை, மதர்போர்டும் அந்தப் பழைய பிராசசருக்காகவே புதிதாகச் செய்யப்பட்டது. வேலை செய்ய வேண்டிய பாகங்களுக்கு மட்டும் பத்து வயது தாண்டியிருந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை அதிகாரபூர்வமாக ஏற்காது. இதையெல்லாம் வாயைத் திறந்து சொல்லாமல் 'புதிய கேமிங் கணினி' என்று விற்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. எத்தனை வீடுகளில் பிள்ளை கேட்டானே என்று நம்பி வாங்கியிருப்பார்கள்!

அடுத்த சந்தில் இருந்த சிறிய கடையில் ஒரு பெரியவர் பொறுமையாக எழுதிக் கொடுத்தார்: ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி டி.டி.ஆர்.4 ராம், 500 ஜிபி எஸ்.எஸ்.டி. (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்), ஆர்.எக்ஸ். 6600 கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), கேபினெட். ஒவ்வொன்றும் சரியான பொருள். ஆனால் கூட்டினால் 62,000 ரூபாய் வந்தது. "ராம் விலைதான்மா ஆளைக் கொல்கிறது. ஏ.ஐ. சர்வர்களுக்குப் போகும் மெமரியில்தான் கம்பெனிகளுக்கு லாபம். தீபாவளிக்கு முன்னால் வந்திருந்தால் ராமை இதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கொடுத்திருப்பேன்" என்றார். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல், படம் காட்டும் திறன் உள்ளேயே இருக்கும் 5600ஜி பிராசசரைப் போட்டு, கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றும் யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் அடுத்த 20,000 ரூபாயை நான் எப்போது சேர்ப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

வீடு திரும்பும்போது ரயிலில் தம்பி கேட்டான்: "அக்கா, 2012ஆம் ஆண்டுப் பிராசசரைப் புதியது என்கிறார்கள். 2022இல் வந்ததை ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றால் அதைப் பழையது என்கிறோம். நமக்கு எது வேண்டும்?" அம்மாவிடம் பேசும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

முதலில் பார்த்த பழைய கணினி திருவான்மியூரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. விலை நியாயம், விற்றவரும் நல்லவர். ஆனால் பின்பக்கத் திருகுகளின் தலையில் துரு படிந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது யு.எஸ்.பி. துளைகளுக்குள் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக்காற்று வெளியிலேயே இந்த வேலையைச் செய்திருந்தால் மதர்போர்டின் மெல்லிய செம்புத் தடங்களை விட்டு வைத்திருக்குமா? நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட்டோம்.

இரண்டாவது அம்பத்தூரில். 2022 இறுதியில் வாங்கிய ரைசன் 5 5600, 16 ஜிபி ராம், ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு, அதுவும் 12 ஜிபி மெமரியோடு. எடிட்டிங்குக்கு அந்த 12 ஜிபி பெரிய பலம். கேட்ட விலை 44,000 ரூபாய். வேலை மாறி வெளியூர் போகிறார் என்பதால் விற்பனை. எல்லா பாகங்களுக்கும் அவர் பெயரிலேயே பில் வைத்திருந்தார்.

எனக்கு இருந்த பெரிய பயம் மைனிங், அதாவது கிராஃபிக்ஸ் கார்டை இடைவிடாமல் ஓட்டிக் கிரிப்டோ நாணயம் ஈட்டுவது. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையைக் கைவிட்டதும் இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. தம்பி பென் டிரைவில் மூன்று சிறிய மென்பொருள்களைக் கொண்டுவந்திருந்தான். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்.எஸ்.டி. ஓடிய நேரம் 6,200 மணி என்று காட்டியது. மூன்று வருடத்துக்கு வகுத்தால் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அலுவலகம் முடிந்து வந்து விளையாடும் ஒருவரின் கணக்கு அது. நாள் முழுக்க ஓடும் கணினி என்றால் ஒரே வருடத்தில் 8,760 மணி ஆகிவிடும். எஸ்.எஸ்.டி.யை மாற்றியிருக்க வாய்ப்புண்டு என்பதால் அதன் வரிசை எண்ணையும் பில்லோடு ஒப்பிட்டேன். பொருந்தியது.

பிறகு, கார்டுக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க்கை இருபது நிமிடம் ஓடவிட்டோம். விற்பவர் காபி கொடுத்தார். நான் குடிக்காமல், கார்டின் வெப்பத்தைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டின் வெப்பம் 76 டிகிரியில் நின்றது. ஆனால் ஹாட் ஸ்பாட் என்ற எண், அதாவது சிப்பின் மிகச் சூடான இடத்தின் வெப்பம், 103ஐத் தொட்டது. இரண்டுக்கும் 27 டிகிரி இடைவெளி என்றால் சிப்புக்கும் அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவிய, வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம் என்று தம்பி விளக்கினான். விற்பவர் மறுக்கவில்லை. "நான் ஒருமுறைகூடக் கழற்றியதில்லை, மேடம்" என்றார்.

கேபினெட்டுக்குள் இன்னொரு குறையும் இருந்தது. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் பெயர் தெரியாத பிராண்டு. 600 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பிறகு கழற்றிக் கையில் எடுத்தபோது டிஃபன் பாக்ஸ் போல லேசாக இருந்தது. பிராசசரும் ராமும் ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும். எஸ்.எம்.பி.எஸ். அப்படியில்லை. பழுதாகிப் போகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடியது அது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் எங்கள் தெருவில் அந்தப் பெட்டியை ஒருநாள்கூட நம்ப நான் தயாராக இல்லை. இந்த இரண்டு குறைகளையும் சொல்லி விலை பேசினோம். 40,000 ரூபாய்க்கு முடிந்தது.

மறுநாளே நல்ல பிராண்டில் 'பிரான்ஸ்' (Bronze) தரச்சான்று பெற்ற 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை 4,200 ரூபாய்க்குப் புதிதாக வாங்கினோம். வீட்டில் கார்டைக் கழற்றியபோது சிப்பின் மேல் பேஸ்ட் வெடித்த களிமண் போலக் காய்ந்து உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவி, அதே இருபது நிமிடச் சோதனையை மறுபடி ஓட்டினோம். ஹாட் ஸ்பாட் 87இல் நின்றது. தம்பி அந்தத் திரையைப் படம் பிடித்து, அம்பத்தூர்க்காரருக்கு அனுப்பினான்.