சிபிஏ இல்லை, இஏ
12 வருடம் வாடிக்கையாளர் சேவையில் இருந்துவிட்டு அமெரிக்க வரி வேலைக்கு மாறுகிறேன். எந்தச் சான்றிதழ் என்று யோசிப்பதிலேயே இரண்டு மாதம் ஓடிவிட்டது. நான் கேட்டவர்களில் பாதிப்பேர் சிபிஏ, அதாவது உரிமம் பெற்ற பொதுக் கணக்காளர் தகுதி, என்றார்கள். பெரிய தகுதிதான். ஆனால் அந்த உரிமத்தைத் தரும் அமெரிக்க மாநில வாரியங்கள் கேட்கும் கணக்கியல் பாடங்களை நான் படித்ததில்லை. தணிக்கையிலும் ஆசை இல்லை, எனக்குப் பிடித்தது வரிதான்.

அதனால் என்ரோல்டு ஏஜென்ட், சுருக்கமாக இஏ. பட்டம் கேட்பதில்லை. அமெரிக்க மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் தரும் உரிமம் என்பதால் எந்த மாநிலத்தவருக்காகவும் ஐஆர்எஸ் முன் பேசலாம். தேர்வு மூன்று பகுதி: தனிநபர், தொழில், பிரதிநிதித்துவம். ஒவ்வொன்றிலும் 100 கேள்வி, மூன்றரை மணி நேரம்.

நேற்று ராத்திரி பயிற்சிக்காக, சொந்தமாகத் தொழில் செய்யும் ஒரு தையல்காரரின் கணக்கை, தொழில் வரவுசெலவு காட்டும் ஷெட்யூல் சி படிவத்தில் போட்டேன். சுயதொழில் வரியில் பாதியை வருமானத்திலிருந்து கழிக்க விட்டுவிட்டேன். திருத்தியதும் கட்டவேண்டிய தொகை இறங்கியது. கற்பனைக் கணக்குதான், ஆனாலும் அந்த ஒரு கட்டத்தை விட்டால் ஒருவருடைய உழைப்புக் காசு வீணாகப் போயிருக்குமே என்று மனசு பதறியது.

சரி, சான்றிதழோடு கைப்பழக்கமும் வேண்டும். முதல் பகுதிக்குப் பதிவு செய்துவிட்டேன். இந்தப் பாதையில் போனவர்கள், எந்தப் பகுதிக்கு அதிக நாள் ஒதுக்கினீர்கள் என்று சொல்லுங்கள்.