ரிம்வேர்ல்டில் குளிர்காலச் சாப்பாடு

ரிம்வேர்ல்ட், வேற்றுக் கிரகத்தில் ஒரு குடியிருப்பை நடத்தும் கணினி விளையாட்டு. அதில் எனக்குச் சண்டையைவிட இந்தச் சமையலறைக் கணக்குதான் ரொம்பப் பிடிக்கும். முதலில் அரிசி, சீக்கிரம் விளையும். கையிருப்பு சேர்ந்த பிறகு மக்காச்சோளம். நாளாகும், ஆனால் நட்டு அறுக்கிற வேலை குறைவு. சரளை மண் என்றால் உருளைக்கிழங்கு.

எதையும் பச்சையாகத் தின்ன விடாதீர்கள். 0.5 சத்துள்ள பொருளைச் சமைத்தால் 0.9 சத்துள்ள சாப்பாடு கிடைக்கிறது, அதனால் நல்ல சமையல்காரர்தான் குடியிருப்பின் பெரிய சொத்து. சமைத்தது நாலு நாளில் கெடும். சரி, 0 டிகிரிக்குக் கீழே குளிரறை வைத்தால் கெடாது. ஆனால் சூரியப் புயல் வந்தால் மின்கருவிகள் எல்லாமே நின்றுவிடும். அதற்குத்தான் பெமிக்கன்! இறைச்சியும் காய்கறியும் சேர்த்துச் செய்வது, குளிரூட்டாமலே 70 நாள் தாங்கும். ஆட்டத்தில் ஒரு வருடமே 60 நாள்தான். இலையுதிர் காலத்திலேயே செய்து அடுக்கிவிடுங்கள்.