கேசட் வாய்க்குள் புளூடூத்: பழைய கார் ஸ்டீரியோவோடு ஆறு வாரம்

காருக்கு வயது 24. எஞ்சின் நன்றாக ஓடுகிறது, கதவுகள் ஒழுங்காக மூடுகின்றன. ஸ்டீரியோ மட்டும் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கிறது: ரேடியோ, கேசட், இரவில் பச்சையாக ஒளிரும் பட்டன்கள். வெளியிலிருந்து ஆடியோ வயர் செருகும் ஆக்ஸ் துளை கிடையாது, யூ.எஸ்.பி. என்ற பேச்சுக்கே இடமில்லை. "கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டவேண்டியதுதானே" என்று நண்பன் கேட்டான். மாட்டலாம்தான். ஆனால் அந்த டேஷ்போர்டின் வளைவுக்கு ஏற்ற முகம் இதற்குத்தான் இருக்கிறது. புதிதாக வருபவையெல்லாம் நீல வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கின்றன. அதனால் வெளித்தோற்றம் மாறாமல், போனிலிருந்து கம்பியில்லாமல் பாட்டு வரவேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் வாரம், எல்லாரும் செய்வதைச் செய்தேன். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். போனோடு புளூடூத்தில் பேசும், பிறகு 87.5 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ்க்குள் நாம் சொல்லும் இடத்தில் குட்டி வானொலி நிலையமாக ஒலிபரப்பும். நின்ற இடத்தில் அருமை. வண்டி நகர்ந்ததும், காலியாக இருந்த அலைவரிசையில் எங்கிருந்தோ ஒரு நிலையம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாட்டின் நடுவே ஒருவர் செய்தி வாசிப்பார். போதாக்குறைக்கு எஃப்.எம். ஒலிபரப்பில் 15 கிலோ ஹெர்ட்ஸ்க்கு மேல் எதுவும் வராது, அமைதியான இடங்களில் "உஸ்" சத்தம் வேறு. நான்கு நாளில் கழற்றிவிட்டேன்.

அடுத்தது கேசட் அடாப்டர். இதை யோசித்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். கேசட் உருவத்தில் ஒரு பெட்டி, அதற்குள் டேப் இல்லை, ஒரு காந்தத் தலை மட்டும். அது ஸ்டீரியோவின் தலையை ஒட்டி நின்று, டேப் செய்யவேண்டிய வேலையைத் தானே செய்கிறது. எஃப்.எம்.மைவிட நூறு மடங்கு மேல். ஆனால் உள்ளே இருந்த பல்சக்கரங்கள் கடகடவென்று கத்தின. கொஞ்சம் இறுகினால் போதும், டேப் முடிந்துவிட்டது என்று நினைத்து ஆட்டோ ரிவர்ஸ் பக்கத்தை மாற்றிவிடும். மாற்றியதும் ஒலி போய்விடும், திரும்ப மாற்றும், வரும், போகும். ஒரு பயணத்தில் பதினோரு தடவை எண்ணினேன்.

சரி, திறந்துவிடுவோம் என்று இறங்கினேன்.

திறப்பதற்கு முன் ஒரு காரியம்: பழைய ஸ்டீரியோக்களில் பலவற்றுக்குத் திருட்டுத் தடுப்புக் குறியீடு உண்டு. பேட்டரி இணைப்பு போனால் அந்த எண்ணைக் கேட்கும். என் எண் கார் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், ஒரு ஒட்டுச் சீட்டில் இருந்தது. அது கிடைக்கும்வரை ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. முகப்பின் இரண்டு ஓரங்களிலும் இரண்டிரண்டு சிறு துளைகள், அவற்றில் வளைந்த கம்பிச் சாவிகளைச் செருகி வெளியே இழுத்தால் பெட்டி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பின்னால் ஐ.எஸ்.ஓ. கனெக்டர்கள், அதாவது பொதுவான அமைப்பில் வயர்கள் சேரும் கட்டைகள். பவர் கட்டையில் ஏ4 எப்போதும் 12 வோல்ட், ஏ7 சாவி போட்டால் மட்டும், ஏ8 கிரவுண்ட், மின்சாரம் திரும்பிப் போகும் வழி. இது பொது விதி. சில கார்களில் ஏ4, ஏ7 இரண்டும் இடம் மாறியிருக்கும், அதனால் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே நம்பினேன்.

மேல் தகட்டைக் கழற்றியதும் கேசட் இயந்திரம், அதன் அடியில் பலகை. பலகையில் 28 கால்கள் உள்ள ஒரு நீள ஐ.சி., அதாவது சில்லு. டார்ச் அடித்து, சாய்த்துப் பிடித்துப் படித்தால் டி.டி.ஏ.7313. ஒலியளவு, பேஸ், ட்ரெபிள் எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஆடியோ பிராசஸர். அதற்கு மூன்று ஸ்டீரியோ உள்ளீடுகள். ஒன்றில் ரேடியோ, ஒன்றில் கேசட், மூன்றாவது சும்மா கிடந்தது. சும்மா கிடப்பதைப் பிடித்துக்கொள்ளலாமே என்று மகிழ்ந்தேன். முடியாது. எந்த உள்ளீடு என்று தீர்மானிப்பது முகப்பிலுள்ள மைக்ரோகன்ட்ரோலர். பல சி.டி.க்களை மாற்றி மாற்றிப் போடும் சி.டி. சேஞ்சர் என்ற தனிப் பெட்டி பதில் சொன்னால்தான் அது மூன்றாவதற்குப் போகும். இல்லாத சேஞ்சரைப் போல நடிக்க ஒரு சர்க்யூட் செய்ய வேண்டும். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. கேசட் உள்ளீட்டிலேயே நுழைவதாக முடிவு.

எங்கே நுழைவது என்பதுதான் இதில் முக்கியம். டேப் தலையிலிருந்து வருவது மில்லிவோல்ட்டைத் தாண்டாத சிறு சிக்னல், அதைப் பெரிதாக்கி, டேப்புக்கான சமன்படுத்தலும் செய்யும் ப்ரீஆம்ப் நடுவில் இருக்கிறது. அதற்கு முன்னால் போய்ச் செருகினால் எல்லாம் உடைந்த சத்தமாக வரும். ப்ரீஆம்புக்கும் பிராசஸருக்கும் நடுவே, இடது வலதுக்கு ஒவ்வொரு கெப்பாசிட்டர் இருந்தது. மல்டிமீட்டரின் "பீப்" சத்தத்தை வைத்து ஐ.சி.யின் காலிலிருந்து பின்னோக்கித் தேடிக் கண்டுபிடித்தேன். அந்தக் கெப்பாசிட்டர்களின் ப்ரீஆம்ப் பக்கக் காலை மட்டும் சால்டர் உருக்கித் தூக்கிவிட்டு, தூக்கிய காலில் என் வயரை வைத்தேன். இதில் ஒரு வசதி: ஐ.சி.யின் உள்ளீட்டில் 4.5 வோல்ட் டி.சி., அதாவது மாறாத நேர் மின்னழுத்தம், நின்றுகொண்டிருக்கும், அதை அந்தப் பழைய கெப்பாசிட்டரே தடுத்துக்கொள்ளும். புதிதாக எதுவும் சேர்க்கவேண்டியதில்லை.

கேசட் உள்ளே இருந்தால்தான் அந்த உள்ளீடு திறக்கும், சக்கரம் சுற்றினால்தான் கேசட் இருக்கிறது என்று அது நம்பும். இதற்கு ஒரு பழைய கேசட்டின் ஐந்து திருகுகளையும் கழற்றி, டேப்பையும் தலைக்கு எதிரே இருக்கும் பஞ்சுப் பட்டையையும் எடுத்துவிட்டு, காலியான இரு சக்கரங்களோடு மூடினேன். டேப் என்றால் வினாடிக்கு 4.76 செ.மீ. ஓடி என்றாவது ஒருநாள் முடியும். இதற்கு முடிவே கிடையாது. சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், அடாப்டர் போலக் கடகடக்கவும் இல்லை.

மூன்றாம் வாரக் கடைசியில் போனிலிருந்து ஒரு சாதாரண ஆடியோ வயரை அந்த இரண்டு கால்களில் தொட்டுப் பார்த்தேன். இருபத்து நான்கு வருடமாக அந்தக் கதவுகளுக்குள் இவ்வளவு நல்ல ஸ்பீக்கர்கள் இருந்திருக்கின்றன! தபேலாவின் இடது கை தனியாகக் கேட்டது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றில் ஒரு பங்குகூட முடியவில்லை.

புளூடூத் தொகுதி, கட்டைவிரல் அகலத்தில் ஒரு பலகை, நடுவில் சி.எஸ்.ஆர்.8645 என்ற புளூடூத் சில்லு. 12 வோல்ட்டை 5 ஆக்க எல்.எம்.2596 வைத்த ஒரு குட்டி கன்வர்ட்டர். மின்சாரத்துக்குக் கேசட் மோட்டாரின் லைனைப் பிடிக்க ஆசையாக இருந்தது, கேசட்டைத் தள்ளினால் புளூடூத்தும் விழிக்கும் அல்லவா? ஆனால் மோட்டாரின் பிரஷ் கரகரப்பு முழுவதும் பாட்டில் வந்தது. விட்டுவிட்டு ஏ7-இல், 1 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுத்தேன். ஏ4-இல் எடுத்துவிடாதீர்கள். தொகுதி 50 மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது என்றாலும், நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி. ஒரு மாதம் வண்டி நின்றால் பேட்டரி படுத்துவிடும்.

எல்லாம் மாட்டி, குடும்பத்தோடு முதல் ஓட்டம். எஞ்சினைக் கிளப்பியதும் பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள்: "அப்பா, யாரு விசில் அடிக்கிறா?"

விசில்தான். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க உயரும், விட்டால் இறங்கும். எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் பாட்டு அது. ஆல்டர்னேட்டர் செய்யும் மூன்று கட்ட மின்சாரத்தை டயோடுகள் டி.சி.யாக மாற்றினாலும் ஒரு சிற்றலை மிஞ்சும். 12 துருவமுள்ள ஆல்டர்னேட்டர், எஞ்சினைப் போல இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 800 ஆர்.பி.எம்.மில் சிற்றலை 1200 ஹெர்ட்ஸ், 2000-இல் 3000 ஹெர்ட்ஸ். காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

வயரை அங்கே இங்கே நகர்த்தி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். பிறகுதான் புத்தி வந்து, தொகுதியைக் காரின் மின்சாரத்திலிருந்து பிரித்து ஒரு பவர் பேங்கில் மாட்டினேன். விசில் மாயம். அப்படியென்றால் குற்றவாளி புளூடூத் இல்லை, சிக்னல் வயரும் இல்லை. கிரவுண்ட். கன்வர்ட்டரின் கிரவுண்டை டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு போல்ட்டில் கட்டியிருந்தேன். ஸ்டீரியோவின் கிரவுண்ட் ஏ8 வழியாக வேறெங்கோ போகிறது. இரண்டும் இரும்புதான், ஆனால் காரின் உடம்பில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருப்பதால் இரண்டு இடத்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் உண்டு. அது ஆடியோ வயரின் கிரவுண்ட் வழியாகச் சுற்றி வந்து, பாட்டோடு பாட்டாகச் சேர்ந்துவிடுகிறது. போல்ட்டிலிருந்து கழற்றி ஸ்டீரியோ பெட்டியிலேயே கட்டினேன். முக்கால்வாசி போயிற்று. மீதி போகவில்லை. கூடவே, போன் இணைந்திருக்கும்போது "டிக் டிக்" என்று ஒரு சத்தம்.

இனி என் முட்டாள்தனம். தொகுதியில் நான்கு வெளியீடுகள்: எல் பிளஸ், எல் மைனஸ், ஆர் பிளஸ், ஆர் மைனஸ். மைனஸ் என்று பார்த்ததும் கிரவுண்ட்தானே என்று இரண்டையும் சேர்த்துக் கிரவுண்டில் கட்டியிருந்தேன். அவை கிரவுண்டே இல்லை. பிளஸ்ஸில் வரும் ஒலியின் தலைகீழ் நகல் மைனஸ்ஸில் வருகிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிக்னல். நான் பாதி சிக்னலைத் தரையில் கொட்டிவிட்டு, தொகுதியின் கிரவுண்டில் இருந்த "டிக் டிக்"கை அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஐ.சி. புகையாமல் இருந்தது அதன் பெருந்தன்மை.

இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து, 600 ஓமுக்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர். பக்கத்துக்கு ஒன்று. ஒரு சுருளில் பிளஸ், மைனஸ், மறு சுருள் ஸ்டீரியோவுக்கு. நடுவில் கம்பித் தொடர்பே கிடையாது, காந்தப்புலம் மட்டும், அதனால் கிரவுண்ட் வழியாகச் சுற்றி வர வழியே இல்லை. விசில் நின்றது, டிக் டிக்கும் நின்றது. தபேலாவின் இடது கையும் நின்றுவிட்டது! பட்டாணி அளவு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியதன் பலன். தாழ்ந்த ஒலிகளைத் தாங்க இரும்பு வேண்டும், அதில் போதுமான இரும்பு இல்லை. பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்குப் போனதும் பேஸ் திரும்பி வந்தது.

ஐந்தாம் வாரம் தற்செயலாக ஏ.எம். ரேடியோவைப் போட்டேன். 600 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு கீச்சு, 750-இல் ஒன்று, 900-இல் ஒன்று. எல்.எம்.2596 வினாடிக்கு ஒன்றரை லட்சம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டித்தான் வோல்ட்டேஜைக் குறைக்கிறது. 150 கிலோ ஹெர்ட்ஸின் மடங்குகள் ஏ.எம். பட்டையில் வரிசையாக வந்து நிற்கின்றன. ஏ.எம். நான் கேட்பதே இல்லை. இருந்தாலும் இருந்ததைக் கெடுத்துவிட்டோமே என்று உறுத்தியது. கன்வர்ட்டரைத் தூக்கிவிட்டு, மின்சாரத்தை வெட்டாமல் 5 வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு 7805 ரெகுலேட்டரைப் போட்டேன். 14 வோல்ட்டில் 9 வோல்ட்டை வெப்பமாகக் கொட்டும் ஊதாரி அது, ஆனால் 50 மில்லி ஆம்பியருக்கு அரை வாட்கூட ஆகாது. பெட்டித் தகட்டில் திருகிவிட்டேன். வெதுவெதுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பெட்டிக்குள் அழகாக அடுக்கி மூடினால் புளூடூத் விட்டு விட்டு வந்தது. போன் பேன்ட் பையில் இருந்தால் பாட்டு அறுந்தது. இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனாவைப் பூட்டினால் பின்னே? தொகுதியை மட்டும் வெளியே எடுத்து, டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஒட்டினேன். இப்போது காருக்கு வெளியே நின்றாலும் பாடுகிறது. கூடவே டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் 10 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வைத்து ஒலியை மூன்றில் ஒன்றாகக் குறைத்தேன். அதற்குமுன் ரேடியோவிலிருந்து கேசட்டுக்கு மாறினால் வண்டியில் இருப்பவர்கள் அலறினார்கள்.

புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் ஒன்றான ஆப்ட்எக்ஸ் தொகுதியில் உண்டு, என் போனிலும் உண்டு. எஸ்.பி.சி. என்ற சாதாரண முறைக்கு மாற்றி வைத்தும் கேட்டேன். நின்ற காரில் கண்ணை மூடிக்கொண்டால் ஏதோ வித்தியாசம் இருப்பது போலத் தோன்றும், டயர் சத்தத்தோடு ஓடும்போது ஒன்றுமில்லை. அழைப்பு வந்தால் பாட்டு நின்று, எதிராளியின் குரல் ஸ்பீக்கரில் அதிரும், ஆனால் என் குரல் போகாது, ஏனென்றால் மைக் நான் வைக்கவில்லை. போனின் புளூடூத் அமைப்பில் இந்தக் காருக்கு "அழைப்புகள்" என்பதை அணைத்து, "மீடியா ஆடியோ"வை மட்டும் விட்டிருக்கிறேன். முகப்பு பட்டன்களில் அடுத்த பாட்டுக்குப் போக முடியாது. அதனால் கிளம்பும்முன் பட்டியலைப் போட்டுவிட்டு ஓட்டுகிறேன்.

இப்போது சாவியைத் திருப்பி, அந்த வெற்றுக் கேசட்டைத் தள்ளினால் "க்ளக்" என்று பழைய சத்தம். அதற்குள் போன் தானாகவே இணைந்திருக்கும். மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. இணைந்ததும் தொகுதி தன் பங்குக்கு ஒரு மணி அடிக்கிறது, பாட்டைவிடச் சத்தமாக. அதை எப்படி வாயை மூடவைப்பது என்று அடுத்த ஞாயிறு பார்க்கவேண்டும்.